திருப்பி அனுப்ப முடியாத சரக்கு

வீடு கட்டத் தொடங்குகிறவர் மேஸ்திரியையோ பொறியாளரையோ தேடிப் போவதற்கு முன் கைபேசியைத்தான் எடுக்கிறார். சிமென்ட், கம்பி, டைல்ஸ், குழாய், கதவு, சுவிட்ச் என எதற்கும் அங்கே விலை பார்க்கலாம். முப்பதுக்கு நாற்பது மனைக்கு, கிழக்குப் பார்த்த வாசலோடு, வாஸ்துப்படி ஒரு வரைபடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்தத் தலைவலியும் வேண்டாமென்றால், சதுர அடிக்கு இவ்வளவு என்று ‘பேக்கேஜ்’ பேசி மொத்த வீட்டையும் கட்டித்தர நிறுவனங்கள் இருக்கின்றன. இதைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் விலையில்தான் போய் நிற்கிறது: இணையத்தில் வாங்கினால் மிச்சமா, இல்லையா? சுவர் விரிசல் விட்டால் யார் வந்து நிற்பார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. இணைய வணிகம் கட்டுமானத் தொழிலில் விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே கையோடு பொறுப்பை ஆளுக்கொரு துண்டாகச் சிதறவிட்டது. முதலாவதை அனுபவிப்பதற்காக இரண்டாவதைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் வரவை வரவு வைத்துவிடுவோம். பழைய முறையில் விலை ஒரு ரகசியம். ஹார்டுவேர் கடைக்கு மேஸ்திரியோடு போனால் ஒரு விலை, தனியாகப் போனால் ஒரு விலை. மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கடைக்காரர் ஒதுக்கும் கமிஷன் எந்த பில்லிலும் தெரியாது, ஆனால் வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். பெயின்ட் டப்பாவுக்குள் டோக்கன் வைக்கும் பழக்கம் எல்லோரும் அறிந்தது. காசு கொடுப்பவர் வீட்டுக்காரர், டோக்கன் பெயின்டருக்கு. எந்த பிராண்டு நல்லது என்று அவர் சொல்லும் ஆலோசனையில் டோக்கனின் குரலும் கொஞ்சம் கலந்திருக்கும். (இப்போது டோக்கனுக்குப் பதில் கியூஆர் குறியீடு வந்துவிட்டது, ஸ்கேன் செய்தால் புள்ளிகள் சேரும். டிஜிட்டல் ஆனதால் அந்த வழக்கம் ஒழிந்துவிடவில்லை, கணக்கு மட்டும் சுத்தமாகியிருக்கிறது.) இத்தனைக்கும் நடுவே, ஒரு டைல்ஸ் பெட்டியின் விலையை நான்கு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைகிற வாடிக்கையாளரைக் கடைக்காரர் இனி ஏமாளியாக நடத்த முடியாது. குழாய், விளக்கு, சுவிட்ச், கதவுப் பூட்டு, சானிட்டரி சாமான்கள் ஆகியவற்றில் இந்த மாற்றம் முழுமையானது. பெட்டியில் வருகிற, பெயரும் மாதிரி எண்ணும் அச்சிட்ட, உடைந்திருந்தால் பார்த்தவுடன் தெரிகிற சரக்குக்கு இணையக் கடை நன்றாகவே பொருந்துகிறது. அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

ஆனால் வீட்டைத் தாங்கி நிற்பது சுவிட்ச் அல்ல. கம்பி, சிமென்ட், ஜல்லி, மணல் ஆகிய நான்கும் பெரும் எடை கொண்டவை; தொலைவு கூடக்கூட லாரி வாடகையும் விலையில் ஏறிக்கொண்டே போகும். தொலைவில் ஒரு கிடங்கு வைத்து நாடு முழுக்க அனுப்பும் வித்தை இங்கே எடுபடாது. அதனால்தான் டாடா ஸ்டீலின் ஆஷியானா போன்ற பெரிய தளங்களில் கம்பிக்கு ஆர்டர் கொடுத்தாலும் சரக்கு நம் பகுதி டீலரின் கிடங்கிலிருந்தே வருகிறது. கட்டுமானப் பொருள்களின் இணையச் சந்தையாக 2016-இல் தொடங்கிய இன்ஃப்ரா.மார்க்கெட், 2021-இல் ஆர்.டி.சி. கான்கிரீட் என்ற ரெடிமிக்ஸ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. இடைத்தரகராக மட்டும் இருந்து கான்கிரீட் வியாபாரத்தில் நெடுந்தூரம் போக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நம் அரசும் இதில் கை வைத்துப் பார்த்தது. தமிழ்நாடு பொதுப்பணித் துறை 2017-இல் ஆற்று மணலுக்கு இணையத்தில் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. லாரிகளின் வரிசை கணினிக்குள் போனது. ஆற்றங்கரையில் எவ்வளவு அள்ளப்படுகிறது என்ற கணக்கு அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. 2023 செப்டம்பரில் மணல் குவாரிகளில் அமலாக்கத் துறை சோதனை நடத்தும் அளவுக்கு விவகாரம் போனது. ஆர்டர் கொடுக்கும் பக்கத்தை வெளிப்படையாக்குவது எளிது. சரக்கு வரும் பக்கம் வேறு உலகம்.

இங்கேதான் இணைய வணிகத்தின் அடிப்படையையே பார்க்க வேண்டியிருக்கிறது. முகம் தெரியாத வியாபாரியிடம் பணத்தை முன்கூட்டியே கட்டி நாம் எப்படித் துணிந்து வாங்குகிறோம்? இரண்டு காவல்களை நம்பித்தான். ஒன்று, பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். மற்றொன்று, முன்பு வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள். சட்டைக்கும் செருப்புக்கும் இந்த இரண்டு காவலும் போதும். கட்டுமானத்தில் இரண்டுமே தூங்கிவிடும். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைத் தண்ணீர் சேர்த்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் பொது விதி. தளத்தில் கொட்டிவிட்ட கான்கிரீட்டை எந்த கூரியரும் திரும்ப எடுத்துப் போக மாட்டார். சிமென்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் கிடந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விடும் என்பது பொறியியல் மாணவர்கள் படிக்கும் கணக்கு. இணையதளத்தில் தெரியும் மூட்டைப் படத்தில் அந்த வார எண் இருக்காது. நட்சத்திரங்களோ சரக்கு இறங்கிய அன்றே போடப்படுகின்றன: ‘சொன்ன நேரத்துக்கு வந்தது, டிரைவர் மரியாதையாகப் பேசினார்’. கம்பி துருவேறி கான்கிரீட்டைப் பிளக்க ஏழெட்டு வருடம் ஆகும். அன்றைக்கு யாரும் திரும்பப் போய் நட்சத்திரத்தைக் குறைப்பதில்லை.

கம்பியையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். கம்பி கட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி. 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. ஆக 10.13 கிலோ கம்பியும் சட்டப்படி 12 மி.மீ. கம்பிதான். எடைபோட்டு வாங்கினால் பணத்தில் நட்டமில்லை. ஒரு கம்பி இவ்வளவு என்று எண்ணிக்கைக்கு விலை போட்டு விற்கும் இணையப் பட்டியலில் வாங்கினால், நூறு கம்பிக்கு 53 கிலோ வரை காணாமல் போகலாம், அதுவும் விதிக்கு உட்பட்டே. பட்டியலில் ‘விலை குறைவு’ என்று முதலில் வந்து நிற்பதும் அந்தக் கம்பியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேஸ்திரி தூணுக்கு ஆறு கம்பி என்று எண்ணித்தான் கட்டுவார், நிறுத்துக் கட்டமாட்டார். விலையை மட்டும் வரிசைப்படுத்தும் இயந்திரம் எதை முன்னுக்குத் தள்ளும் என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கு போதும்.

பழைய கடைக்காரர் மட்டும் யோக்கியரா என்று கேட்கலாம். இல்லை. எடையில் கை வைத்தவர்களும், பழைய மூட்டையைத் தலையில் கட்டியவர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பு இருந்தது. அது கடன் பாக்கி. வங்கிக் கடனின் அடுத்த தவணை வரும்வரை, சீட்டு எடுக்கும்வரை, கடைக்காரர் நோட்டில் எழுதிவைத்துச் சரக்குக் கொடுப்பார். அவருக்கு வரவேண்டிய பணம் நம் கையில் இருக்கும்வரை கட்டிதட்டிப் போன மூட்டையை மாற்றித் தராமல் அவரால் இருக்க முடியாது. மேஸ்திரிக்கும் அப்படியே: பூச்சு முடிந்து தண்ணீர் நனைப்பது வரை பார்த்துவிட்டுத்தான் கடைசித் தொகை கைக்குப் போகும். அந்தப் பாக்கிதான் எழுதப்படாத உத்தரவாதப் பத்திரம். இணையத்தில் பணம் முதலில், சரக்கு பிறகு. பாக்கி ஒழிந்தது; அதோடு வாடிக்கையாளரின் பிடியும் ஒழிந்தது. போன இடத்தில் வேறு ஏதேனும் வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பொருளைவிட வரைபடத்தில் இந்த ஓட்டை பெரிது. இணையத்தில் விற்கும் ஆயத்த வரைபடத்துக்கு மனையின் நீள அகலம் தெரியும், வாசல் எந்தத் திசை என்று தெரியும். மண் தெரியாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பி வெயிலில் பிளக்கும். அங்கே மேலாகக் கடைக்கால் போட்ட வீடு வருடம் தவறாமல் விரிசல் விடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணுக்கு ஒரு கணக்கு, பெசன்ட் நகர் கடற்கரை மணலுக்கு வேறு கணக்கு. அடுத்து காற்று. கட்டடங்களுக்கான காற்றுச் சுமையைக் கணக்கிட ஐ.எஸ். 875 தரும் அடிப்படை வேகம் பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39, திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே பெங்களூருக்குப் போட்ட கணக்கைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் அழுத்தம் இரண்டே கால் மடங்குக்கும் மேல். இரண்டு மாடிக் கான்கிரீட் வீட்டின் தூண்களுக்கு இது பெரிய ஆபத்தாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொட்டைமாடித் தகரக் கூரை, சோலார் தகடு தாங்கும் சட்டம், ‘எலிவேஷன்’ என்று முன்பக்கத்தில் தொங்கவிடும் அலங்காரங்கள் ஆகியவற்றுக்கு இது உயிர்நாடி. வர்தா புயலை 2016 டிசம்பரில் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பதுக்கு நாற்பது என்று தட்டினால் வருகிற படம் இவை எதையும் கேட்பதில்லை. எல்லா ஊருக்கும் ஒரே தூண் அளவைப் போட்டுத் தருகிறது.

தபாலில் வீடு விற்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை பட்டியல் புத்தகம் அச்சிட்டு, வீட்டின் வரைபடத்தையும் மரத்தையும் ரயிலில் அனுப்பி 70,000-க்கும் மேற்பட்ட வீடுகளை விற்றது. அது வெற்றிபெற்ற முறை. ஆனால் மர வீட்டின் சட்டங்களைத்தான் அவர்கள் அனுப்பினார்கள். அஸ்திவாரமும் கொத்து வேலையும் வாங்கியவர் அந்தந்த ஊரில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. மண்ணோடு சேர்ந்த பகுதியை விற்க முடியாது என்பது அந்த வியாபாரிக்கு அன்றே தெரிந்திருந்தது. நம் காலத்தில் அதற்கு நேரெதிராக ஒரு முயற்சி நடந்தது. 2015-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கட்டெரா, வடிவமைப்பு, பொருள் கொள்முதல், ஆலை உற்பத்தி, கட்டுமானம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து கட்டடத் தொழிலையே மாற்றிவிடுவதாகச் சொன்னது. சாஃப்ட்பேங்க் உள்ளிட்ட முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 200 கோடி டாலர் கொட்டினார்கள். 2021 ஜூனில் திவால் மனு. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனக்குப் படுவது ஒன்று: ஒவ்வொரு மனையும் தனித்தனி வேலை என்பதைப் பணத்தால் மாற்றிவிட முடியாது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, அந்தத் தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளாமல் யாரும் வீட்டுக்கு வரைபடம் போடலாம், விற்கலாம். தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்றுத் திட்டப்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு உரிமையாளர் தாமே சான்றளித்து இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். கட்டட முடிவுச் சான்றிதழும் தேவையில்லை. அலுவலக அலைச்சலையும் மேசைக்கடியில் நீளும் கைகளையும் ஒழிக்க இது நல்ல திட்டம்தான். மூன்றாவதாக ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம். அடுக்ககத்தில் வீடு வாங்கியவருக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் விற்றவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று அதன் 14-ஆவது பிரிவு சொல்கிறது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இணையத்தில் வரைபடம் வாங்கி, சுயசான்று கொடுத்து, சதுர அடி பேக்கேஜில் கட்டியவரின் வீட்டில் ஐந்தாம் வருடம் உத்தரம் தொய்ந்தால்? வரைபடம் விற்ற தளம், ‘நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே’ என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கும். கட்டியவர் துணை ஒப்பந்ததாரர். கொடுத்த படத்தின்படி கட்டினேன் என்பார். சான்றில் கையெழுத்துப் போட்டிருப்பவர் வீட்டுக்காரர். தன் மீது தானே வழக்குப் போட வேண்டியதுதான் பாக்கி.

நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ‘சேவை’ என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமித்து, 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. கைபேசி உடைந்து வந்தால் இது போதும். அஸ்திவாரம் இறங்கியதற்கு வரைபடம் காரணமா, மண் காரணமா, கலவை காரணமா என்பதை ஒரு மாதத்தில் தீர்க்கவே முடியாது. முதலில் யாருடைய கணக்கின்படி அந்தத் தூண் போடப்பட்டது என்ற பெயராவது வேண்டும். கட்டமைப்புப் பிழை கடைசி நொடிவரை வெளியே தெரியாது என்பதற்குச் சென்னை மௌலிவாக்கம் சாட்சி. 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் இணைய வணிகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அங்கே உரிமையாளர், பொறியாளர் என்று விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தமிழகத்தில் தனி வீடுகளில் பெரும்பாலானவை எந்தக் காலத்திலும் பொறியாளர் கணக்குப்படி கட்டப்பட்டவை அல்ல. மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டார், வானம் தோண்டினார், கட்டினார். அதோடு ஒப்பிட்டால் கம்பி எண்ணிக்கையாவது குறித்த ஒரு தாள் முன்னேற்றம் இல்லையா? பாதி உண்மை. கைக்கு வந்தபடி கம்பி போட்டு, தேவைக்கு இரு மடங்கு ஓரிடத்திலும் பாதி இன்னோரிடத்திலும் வைத்த மேஸ்திரிகள் ஏராளம். ஆனாலும் அந்த ஊர் மேஸ்திரிக்கு அந்த ஊர் மண் தெரியும். கரிசலில் சரளை தட்டும்வரை தோண்டச் சொல்வது அவர் படித்ததல்ல, பக்கத்து வீடு விரிசல் விட்டதைப் பார்த்தது. கணினியில் அச்சிட்ட தாள் வந்ததும் அந்த அறிவுக்கு மதிப்புப் போய்விடுகிறது. ‘படத்தில் நாலடிதான் போட்டிருக்கு’ என்று வீட்டுக்காரர் சொன்னால் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார். அரைகுறைத் தாள் தரும் தைரியம் தாளே இல்லாததைவிடச் சில நேரம் மோசமானது.

கட்டுப்பாடு போட்டால் லஞ்சம்தான் பெருகும், நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த மலிவும் போய்விடும் என்பது மற்றொரு மறுப்பு. புதிய உரிமம் எதையும் நான் கேட்கவில்லை. கட்டமைப்பு அளவு குறித்த வரைபடத்தை விற்கிற எந்தத் தளமும் அதில் பதிவுபெற்ற பொறியாளரின் பெயரையும் பதிவு எண்ணையும், எந்த மண்ணுக்கு, எந்தக் காற்று வேகத்துக்கு அது பொருந்தும் என்பதையும் அச்சிடட்டும். சுயசான்றுப் படிவத்திலும் அந்தப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கட்டும். சதுர அடி விலையில் முழு வீட்டையும் கட்டித்தருவதாகப் பணம் வாங்குகிற நிறுவனம், அடுக்ககம் விற்பவர் சுமக்கும் அதே ஐந்தாண்டுப் பொறுப்பைச் சுமக்கட்டும். விளம்பரத்தில் பத்து வருட வாரன்டி என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்களுக்குச் சட்டத்தில் ஐந்து வருடம் ஏற்பது சிரமமாக இருக்கக் கூடாது. உண்மையில் இதைச் செய்ய அவர்களுக்குத்தான் வசதி அதிகம். எந்த லாரியில் எந்தத் தொகுதிக் கம்பி வந்தது, எந்த வாரச் சிமென்ட் இறங்கியது, கான்கிரீட் போட்ட அன்று கம்பிக்கட்டு எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் அவர்களிடம் தேதியோடு படமும் பதிவும் இருக்கின்றன. எந்த மேஸ்திரியிடமும் இல்லாத சாட்சியம் அது. இப்போது அது வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டும் கண்காட்சியாகவே இருக்கிறது. சட்டம் கேட்டால் பொறுப்பின் ஆவணமாகிவிடும்.

சட்டம் வரும்வரை வீட்டுக்காரர்கள் காத்திருக்க முடியாது. கடையில் பாக்கி வைத்துப் பெற்ற பிடியை ஒப்பந்தத்தில் எழுதித்தான் திரும்பப் பெற வேண்டும். தவணைகளை வேலைக் கட்டங்களோடு இணைத்து, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை எடைக்கு வாங்குங்கள். மூட்டை இறங்கும்போது வார எண்ணைப் பாருங்கள். மண் பரிசோதனைக்கு ஆகும் சில ஆயிரங்களை வரவேற்பறை விளக்கில் மிச்சம் பிடிக்கலாம். வரைபடத்தில் பொறியாளரின் பெயர், அவருடைய பதிவு எண், உங்கள் மனையின் மண் பரிசோதனை அறிக்கைத் தேதி ஆகிய மூன்றும் இல்லையென்றால், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் முன்பணம் கட்டாதீர்கள்.